சனிக்கிழமைக்குத் தள்ளப்பட்ட கால்கள்

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு வயது 31. உயரம் 172 செ.மீ., எடை 74 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 92 செ.மீ. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். 14 மாதங்களாக ஜிம்முக்குப் போகிறேன். அங்கிருக்கும் மாஸ்டர் எழுதிக்கொடுத்த அட்டவணை: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கம்), வெள்ளி டிரைசெப்ஸ் (மேற்கையின் பின்பக்கம்), சனி கால். சனிக்கிழமை பெரும்பாலும் ஊருக்குப் போக தருமபுரி பஸ் ஏறிவிடுவேன். முதல் ஐந்து மாதம் நல்ல மாற்றம் தெரிந்தது. பிறகு படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் 50 கிலோவிலேயே நிற்கிறது. எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 40, தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்ட் 60. அறை நண்பர் ‘ஐந்துக்கு ஐந்து’ திட்டம்தான் சிறந்தது என்கிறார். கைப்பேசியில் பார்ப்பவர்கள் எல்லோரும் ‘புஷ், புல், லெக்ஸ்’ என்கிறார்கள். உடன் வேலை செய்பவர் மாவட்ட வலுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறார், என்னையும் கூப்பிடுகிறார். எனக்குத் தொப்பை குறைய வேண்டும், சட்டைக் கை நிறைய வேண்டும், டெட்லிஃப்ட் 100 கிலோ எடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் நான் இடைநிலை. அதற்கேற்ற திட்டம் எது? ஸ்குவாட் செய்யும்போது முழங்காலில் சொடக்குச் சத்தம் வருகிறது, செய்யலாமா?

பெயர் வேண்டாம், ஓசூர்.

பதில்:

அன்புத் தம்பிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திட்டத்தின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் உங்களுக்கான விடை அந்தத் தருமபுரி பஸ்ஸில் இருக்கிறது. 14 மாதம் என்றால் ஏறக்குறைய 60 சனிக்கிழமைகள். அவற்றில் எத்தனை நாள் கால்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்? பத்து என்று வைத்துக்கொண்டாலும் தாராளம்தான். ஆக, உங்கள் நெஞ்சுக்கு வயது 14 மாதம், கால்களுக்கு வயது இரண்டரை மாதம். இந்த இரண்டுக்கும் சேர்த்து ‘இடைநிலை’ என்று ஒரே பட்டத்தை நீங்களே சூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜிம்மில் சேர்ந்த தேதியை வைத்து அனுபவத்தைக் கணக்கிடுவதில்லை. எங்கள் தொழிலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ராடில், அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பியில், எடை ஏற்ற உங்களுக்கு எத்தனை நாள் தேவைப்படுகிறது? போன முறை எடுத்ததைவிட இந்த முறை கொஞ்சம் அதிகமாக எடுக்க முடிகிறது, அடுத்த முறை அதைவிடவும் கொஞ்சம் அதிகம் என்றால் அவர் தொடக்கநிலை. ஒரு வாரம் முழுக்கப் பாடுபட்டால்தான் ஒரு படி ஏற முடியும் என்பவர் இடைநிலை. மாதக்கணக்கில் திட்டம் போட்டு, சில வாரம் ஏற்றி, சில வாரம் இறக்கி, கடைசியில் இரண்டரை கிலோ கூடினாலே இனிப்பு வாங்கிக் கொடுப்பவர் முதிர்நிலை. தொடக்கநிலை என்பதை யாரும் வசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமாக வலுவேறும் காலம் அது ஒன்றுதான். பின்னால் விலை கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. என்னிடம் 52 வயதில் வந்து சேர்ந்த ஒருவர் ஏழு மாதம் தொடக்கநிலையிலேயே இருந்தார். ஒவ்வொரு முறையும் எடை ஏறிக்கொண்டே இருந்தது. அவரை ஏன் நான் அவசரப்பட்டு அடுத்த வகுப்புக்குத் தள்ள வேண்டும்?

உங்கள் பெஞ்ச் பிரஸ் ஒன்பது மாதமாக 50-ல் நிற்பது எல்லை வந்துவிட்டதாலா, ஏற்றுவதற்கு யாரும் வழி சொல்லாததாலா? 74 கிலோ எடையுள்ள, 31 வயது ஆணுக்கு 50 எல்லை இல்லை. இரண்டாவதுதான் காரணம் என்று பந்தயம் கட்டுவேன்.

அந்த ஆறு நாள் அட்டவணையைக் குறை சொல்வதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது ஆணழகன் போட்டிக்காரர்களின் அட்டவணை. பல வருடம் பயிற்சி செய்து, ஒரே நாளில் நெஞ்சுக்கு மட்டும் இருபது செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து எடுப்பது ஒரு செட்) போட்டால்தான் மேற்கொண்டு அசையும் என்ற நிலைக்கு வந்தவர்கள், அதற்கேற்பச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள், சிலர் ஸ்டீராய்டு ஊசியும் போட்டுக்கொள்கிறவர்கள். ஊசி போட்டுக்கொள்பவரின் உடம்பு தேறும் வேகம் வேறு. அதை நம்பி எழுதிய அட்டவணையை மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு நைட் ஷிஃப்ட் போகிறவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஜிம்மிலேயே யாராவது உங்களிடம் ஊசியோ பெயரில்லாத மாத்திரையோ நீட்டினால் வாங்காதீர்கள். இதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச ஒன்றுமில்லை.

தசை எப்படி வளர்கிறது என்று பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். ஒருநாள் கடுமையாக உழைத்த தசை, அடுத்த ஒன்றரை இரண்டு நாள் வரை புதிய புரதத்தைச் சேர்த்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும். பிறகு அந்த வேலை அடங்கிவிடும். திங்கட்கிழமை நெஞ்சுக்குப் போட்டால் புதன்கிழமைக்குள் கட்டட வேலை முடிந்துவிடும். வியாழன் முதல் ஞாயிறு வரை மேஸ்திரி, சித்தாள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதே உழைப்பை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து வாரம் முழுக்கக் கொடுத்தால் நல்லது. இன்னொரு வசதியும் உண்டு: ஒருநாள் தவறினால் எல்லா உறுப்பும் கொஞ்சம் கொஞ்சம் இழக்கும். ஒரே உறுப்பு முழுக்கப் பட்டினி கிடக்காது. உங்கள் அட்டவணையில் பட்டினி கிடந்தது கால்.

இனி இலக்கு. நம் ஊர்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் மூன்று சொற்களைப் பார்த்திருப்பீர்கள்: பளுதூக்குதல், வலுதூக்குதல், ஆணழகன். மூன்றிலும் இரும்புதான். ஆனால் மூன்றும் வேறு வேறு படிப்பு.

பளுதூக்குதல் ஒலிம்பிக் விளையாட்டு. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் என்று இரண்டு கட்டமாகப் போவது கிளீன் அண்ட் ஜெர்க். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149-ம் 179-மாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018 கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். உங்களைவிட மூன்று கிலோதான் அதிக எடையுள்ள பிரிவு என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் சிறு வயதிலேயே, பக்கத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்கும் பயிற்சியாளரிடம் கற்கும் கலை. கீழே போட்டாலும் தாங்கும் ரப்பர் பிளேட்டும் மரத்தளமும் வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால், கைப்பேசியில் பார்த்துவிட்டு ஸ்னாட்ச் செய்து மணிக்கட்டில் கட்டோடு வருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

வலுதூக்குதல் என்பது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் சிறந்ததைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். ஆணழகன் பயிற்சியில் எவ்வளவு தூக்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, கண்ணாடி என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் மூன்று ஆசைகளில் 100 கிலோ டெட்லிஃப்ட் வலுதூக்குதல் பக்கம், சட்டைக் கை ஆணழகன் பக்கம், தொப்பை சமையலறைப் பக்கம். அனுபவசாலி ஒருவர் இப்படி மூன்றையும் கேட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. தொடக்கநிலைக்காரருக்கு மூன்றும் ஒரே பாதையில் கொஞ்ச தூரம் சேர்ந்தே வரும். பாதை பிரியும் இடம் வரும்போது தேர்ந்தெடுத்தால் போதும்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். ‘புஷ், புல், லெக்ஸ்’ மோசமான திட்டம் இல்லை. தள்ளும் பயிற்சிகள் ஒருநாள், இழுக்கும் பயிற்சிகள் ஒருநாள், கால் ஒருநாள். வாரம் ஆறு நாள் போனால் ஒவ்வொன்றும் இருமுறை வரும். ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை, ஜிம் வீட்டுக்கு எதிரே, வாரக் கடைசியில் ஊர்ப் பயணம் இல்லை என்பவர் எடுத்துக்கொள்ளட்டும். மூன்றே நாள் போகிறவர் செய்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் வாரம் ஒருமுறைதான், பழைய கதைதான்.

‘ஐந்துக்கு ஐந்து’, அதாவது ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து கவுண்ட் (ஐந்து முறை தூக்குவது), பழைய சரக்கு. ரெக் பார்க் என்ற பிரிட்டிஷ் ஆணழகர் 1960 வாக்கிலேயே அதைப் பரப்பினார். 1970-களில் பில் ஸ்டார் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்காக வேறு விதமாக வகுத்தார். ஒரே பெயரில் பல சமையல்: சிலவற்றில் ஐந்து செட்டும் ஒரே எடை, சிலவற்றில் முதல் இரண்டு செட் உடம்பைச் சூடாக்க மட்டும், சிலவற்றில் எடை ஏறிக்கொண்டே போய்க் கடைசி செட் மட்டும் முழு எடை. உங்கள் நண்பர் சொல்வது எந்த ஐந்துக்கு ஐந்து என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இன்னொரு செய்தியும் சுவையானது. எல்லா ஜிம்மிலும் மந்திரம்போலச் சொல்லும் ‘மூணு செட், பத்து கவுண்ட்’ போரில் அடிபட்டவர்களின் சிகிச்சையிலிருந்து வந்தது. தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்காலில் காயம்பட்ட வீரர்களுக்கு லேசான எடையை நூறு முறை ஆட்டச் சொல்வதைவிட, கனமான எடையைக் கொஞ்சம் முறை தூக்கச் சொல்லி, வாராவாரம் எடையைக் கூட்டினார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். 1948-ல் சுருக்கிச் சொன்ன முறையில் முதல் செட் பாதி எடை, இரண்டாவது முக்கால், மூன்றாவதுதான் முழு எடை. பத்து கவுண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, எடையைக் கூட்டச் சொன்னதை நாம் மறந்துவிட்டோம்.

எடையைக் கூட்டுவது என்ற அந்த ஒன்றுதான் எல்லாத் திட்டத்துக்கும் உயிர். நெல்லைப் பக்கம் இளவட்டக்கல் பார்த்திருக்கிறீர்களா? பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள். வழவழவென்று பிடிமானமே இல்லாத உருண்டைக் கல். அதைத் தூக்கினால் தூக்கினீர்கள், இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்குக் கால்வாசிக் கல்லைத் தூக்கிவிட்டு நாளைக்கு அரைக்கல்லுக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. ராடின் அருமையே அங்கேதான். கல்லைத் துண்டு துண்டாக்கி, இன்றைக்கு உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் ஏற்பாடு இது. ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதற்கும் பயிற்சி. இரண்டு வகை நாள், மாற்றி மாற்றி. முதல் வகை நாளில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், பார்பெல் ரோ (குனிந்தபடி ராடை வயிற்றை நோக்கி இழுப்பது). மூன்றும் மூன்று மூன்று செட், ஐந்து ஐந்து கவுண்ட். இரண்டாம் வகை நாளில் மறுபடியும் ஸ்குவாட், நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ், பிறகு டெட்லிஃப்ட். டெட்லிஃப்ட்டில் சூடேற்றும் செட்கள் போக ஒரே ஒரு முழு எடை செட், ஐந்து கவுண்ட், அது போதும். அதோடு லாட் புல் டவுன் (மெஷினில் மேலிருந்து கீழே இழுப்பது) மூன்று செட், எட்டிலிருந்து பத்து. இரண்டு நாளிலும் கடைசிப் பத்து நிமிடம் உங்கள் சட்டைக் கைக்கு: பைசெப்ஸ் மூன்று செட், டிரைசெப்ஸ் மூன்று செட், பத்துப் பன்னிரண்டு கவுண்ட். பெரிய தூக்குகளுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்காருங்கள். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தாலும் உட்காருங்கள். மூச்சு வாங்குவதற்காகப் பயிற்சி செய்கிறவர்கள் ஓடப் போகட்டும்.

ஷிஃப்ட்டை எங்கே வைப்பது? காலை ஷிஃப்ட் வாரம் மூன்று நாள், மாலையில். இரண்டாம் ஷிஃப்ட் வாரமும் மூன்று நாள், காலையில், ஏதாவது சாப்பிட்டு ஒருமணி நேரம் கழித்து. நைட் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டே நாள். அந்த வாரம் எடை ஏற்றக் கூடாது. போன வாரத்து எடையையே திரும்ப எடுங்கள், மூன்று செட் இரண்டாகட்டும். பகலில் ஐந்து மணி நேரம் புரண்டு படுத்தவரின் முதுகை நம்பிப் புது எடை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். ஆக மூன்று வாரத்துக்கு எட்டு முறை. சனிக்கிழமை காலியாகவே இருக்கட்டும், அம்மாவைப் பார்க்கப் போய்வாருங்கள்.

எந்த எடையில் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் சொதப்புகிறார்கள். ஐந்து எடுத்த பிறகு இன்னும் மூன்று எடுத்திருக்கலாம் என்று தோன்றும் எடை எதுவோ அதுதான் தொடக்கம். உங்களுக்கு பெஞ்ச் 42.5 அல்லது 45 ஆக இருக்கும். பின்னோக்கிப் போகிறோமே என்று வருந்தாதீர்கள், ஓடிவந்து தாண்டுவதற்குப் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்குவாட்டுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டரை கிலோ, டெட்லிஃப்ட்டுக்கு 80 வரும் வரை ஐந்து, அதன் பிறகு இரண்டரை. பெஞ்சும் ஷோல்டர் பிரஸ்ஸும் சீக்கிரமே அடம்பிடிக்கும்.

அடம்பிடிப்பதற்கு ஒரு காரணம் ஜிம்மில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த பல ஜிம்களில் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் ஐந்து கிலோ ஏறிவிடும். 100 கிலோ டெட்லிஃப்ட்டுக்கு ஐந்து என்றால் நூற்றில் ஐந்து பங்கு. 50 கிலோ பெஞ்சுக்கு ஐந்து என்றால் பத்தில் ஒரு பங்கு! மாதக் கடைசியில் வாடகையைப் பத்து சதவீதம் ஏற்றினால் நீங்கள் தாங்குவீர்களா? உங்கள் மார்பும் தாங்காது. உங்கள் பெஞ்ச் ஒன்பது மாதம் நின்றதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி நீங்களே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எடையை ஏற்றுவதற்குப் பதில் கவுண்ட்டை ஏற்றுங்கள்: ஒரே எடையில் மூன்று செட்டும் ஐந்து, அடுத்த முறை ஆறு, பிறகு ஏழு, எட்டு. மூன்று செட்டும் எட்டு வந்தபின் ஐந்து கிலோ ஏற்றி, மறுபடி ஐந்து கவுண்ட்டுக்கு இறங்குங்கள்.

உங்கள் 100 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெட்லிஃப்ட் மூன்று வாரத்துக்கு நான்கு முறை வரும், அதில் ஒன்று நைட் ஷிஃப்ட் வாரத்தில், அங்கே ஏற்றம் இல்லை. 60-ல் தொடங்கினால், ஒன்றும் தவறாதபட்சத்தில், பதின்மூன்றாவது வாரம் 100 கிலோவை ஐந்து முறை தூக்குவீர்கள். காகிதத்தில் அப்படி. நடுவில் பொங்கல் வரும், சளி பிடிக்கும், தங்கை கல்யாணம் வரும். ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருமுறை 100 என்பது இன்னும் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். 87.5 கிலோவை முறையாக ஐந்து கவுண்ட் எடுப்பவர் பெரும்பாலும் 100-ஐ ஒருமுறை எடுத்துவிடுவார். அதற்காக வாராவாரம் சோதித்துப் பார்க்காதீர்கள். விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற வேலை அது.

ஓர் எடையில் ஐந்து வரவில்லை என்றால் அடுத்த முறை அதே எடை. மூன்று முறை தொடர்ந்து தவறினால் பத்தில் ஒரு பங்கு இறக்கி மறுபடி ஏறுங்கள். அதே இடத்தில் இரண்டாவது தடவையும், மூன்றாவது தடவையும் முட்டினால், தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் முட்டினால், அன்றைக்கு நீங்கள் அந்தத் தூக்கில் இடைநிலை. அன்றைக்கு எழுதுங்கள், வாரக்கணக்கில் ஏறும் திட்டம் சொல்கிறேன். பெஞ்சில் அந்த நாள் சீக்கிரம் வரும், ஸ்குவாட்டில் தாமதமாக வரும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் உட்காரலாம், தப்பில்லை.

இதையெல்லாம் எழுத ஒரு நோட்டு வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஷிஃப்ட், தூக்கு, எடை, கவுண்ட், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அவ்வளவுதான். 14 மாதம் போனவர்கள் என்னிடம் வந்து அட்டவணையைக் காட்டுகிறார்கள், போன செவ்வாய்க்கிழமை என்ன தூக்கினீர்கள் என்று கேட்டால் மேலே பார்க்கிறார்கள். நோட்டு இல்லாமல் எந்தத் திட்டமும் உங்களுக்குப் பொருந்தியதா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான்.

என் கதையையும் ஒருவரியில் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வசதியாக. இருபது வயதில், மாநில அளவில் பதக்கம் வாங்கிய ஒரு சீனியரின் நோட்டைக் கெஞ்சி வாங்கி, அப்படியே ஆறு வாரம் செய்தேன். வாரம் நான்கு நாள் கனமான டெட்லிஃப்ட். ஏழாவது வாரம் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. மூன்று மாதம் இரும்பைத் தொடவில்லை. அவருடைய நோட்டில் பிழை ஒன்றும் கிடையாது. அது அவருடைய எட்டாவது வருட நோட்டு, என்னுடையது இரண்டாவது வருட முதுகு.

முழங்கால் சத்தத்துக்கு வருகிறேன். வலியோ வீக்கமோ இல்லாமல், மடக்க நீட்ட முடியாமல் பிடித்துக்கொள்ளாமல், வெறும் சொடக்கு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். பலருக்கும் இருக்கும், எனக்கும் உண்டு. வலித்தாலோ வீங்கினாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். இன்னொன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான எடையில் மூச்சை அடக்கித் தூக்கும்போது அது சட்டென்று ஏறும். ஏற்கெனவே அதிகம் இருப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது.

உங்கள் ஸ்குவாட் 40 கிலோ உண்மையிலேயே 40-தானா என்பதிலும் எனக்குச் சந்தேகம், மன்னிக்கவும். கைப்பேசியை முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் ஒரு பெஞ்ச் மேல் வைத்துப் படமெடுங்கள். கீழே போன நிலையில் படத்தை நிறுத்துங்கள். தொடையும் இடுப்பும் மடியும் அந்த மடிப்பு, முழங்காலின் மேற்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா? போட்டியில் அதுதான் விதி. மேடையைச் சுற்றி மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தால் நீங்கள் தூக்கியது தூக்கியதே இல்லை. பெஞ்சிலும் அப்படி: ராட் மார்பில் அசையாமல் நின்ற பிறகு நடுவர் சொன்னால்தான் தள்ளலாம், மார்பில் பட்டு எகிறியதெல்லாம் செல்லாது. பஸ்கி எடுத்து வளர்ந்த நம் தாத்தாக்களுக்கு ஆழம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை, நாற்காலியில் வளர்ந்த நமக்குத்தான் சிரமம். ஆழம் வரவில்லை என்றால் 20 கிலோவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏறுங்கள். இரண்டரை மாத வயதுள்ள கால்கள் அவை, வேகமாகப் பிடித்துவிடும்.

போட்டி விஷயத்தில், நண்பர் இறங்கும் போட்டிக்குப் பார்வையாளராகப் போய்வாருங்கள். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து விதிகளைக் கவனியுங்கள். ஆறு மாதம் நோட்டு எழுதிய பிறகும் ஆசை இருந்தால் பெயர் கொடுங்கள், பதக்கம் கிடைக்காவிட்டாலும் சந்தோஷமாகத் திரும்பி வருவீர்கள். கண்ணாடிதான் முக்கியம் என்று தோன்றிவிட்டால், பெரிய தூக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு கவுண்ட்டை எட்டு பத்துக்கு ஏற்றி, கைக்கும் தோளுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். பாதை பிரியும் இடம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

தொப்பைக்கு எந்த அட்டவணையும் கிடையாது. எடை தூக்குவது இருக்கும் தசையைக் காப்பாற்றும், குறைப்பது சாப்பாட்டின் வேலை. நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்குச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு, நீங்கள் 92. மலையைப் புரட்ட வேண்டியதில்லை. சோற்றின் அளவைக் கால்வாசி குறைத்து, கேன்டீன் டீயின் சர்க்கரையையும் நைட் ஷிஃப்ட் பரோட்டாவையும் விட்டாலே பாதி வேலை முடிந்தது. புரதம் உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வந்தால் நல்லது. கேட்க மலைப்பாக இருக்கும். நான்கு முட்டையில் 24 கிராம், 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 25, நூறு கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 30, அரை லிட்டர் பாலில் 16, மீதியைப் பருப்பும் சுண்டலும் சோறும் பார்த்துக்கொள்ளும். பவுடர் வாங்குவது சௌகரியத்துக்காக மட்டும், கட்டாயமில்லை. வயிற்றை நாடா வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், தொப்புள் மட்டத்தில் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள்.

பன்னிரண்டு வாரத்துக்கு வேறு எந்தத் திட்டத்தையும் எட்டிப் பார்க்காதீர்கள். அறை நண்பர் என்ன சொன்னாலும் சரி.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் ஜிம்மின் ராடை எடை போடுங்கள். போட்டியில் ஆண்களுக்கான ராட் 20 கிலோ, அதை நினைத்துக்கொண்டு எல்லோரும் கூட்டல் போடுகிறார்கள். ஒரு ஜிம்மில் நான் வீட்டு எடை மெஷினைக் கொண்டுபோய், அதன் மேல் முதலில் வெறுங்கையோடும் பிறகு ராடைப் பிடித்துக்கொண்டும் நின்றேன். வித்தியாசம் பதினொன்றரை கிலோ. மூன்று வருடமாக ‘இருபது’ என்று கணக்கு எழுதியவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இரண்டு மூன்று ராட் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, எது எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள். உங்கள் பெஞ்ச் பிரஸ் 50-தானா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.